கைபேசியில் வந்த வியர்வை

நெதர்லாந்தில் நான் வேலை பார்க்கும் இடத்தில், மத்தியானம் ஓடிவிட்டு வருகிறவர்கள் தண்ணீர் பாட்டிலைத் தொடுவதற்கு முன் கைபேசியை எடுத்துப் பார்க்கிறார்கள். மேற்கையில் ஒட்டிய வட்டமான சிறு பட்டை, வியர்வையில் எவ்வளவு நீர் போனது, எவ்வளவு உப்பு போனது என்று அதில் காட்டுகிறது. ஊசி இல்லை, இரத்தம் இல்லை. குடிக்கத் தேவையில்லை என்று அது சொன்னால் பாட்டிலைத் திறப்பதில்லை. தாகத்தை விசாரித்துத் தெரிந்துகொள்வது வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது அந்தப் பட்டைகளின் கையேடுகளைத் திருத்துவதுதான் என் வேலை. அதற்கு முன் பெங்களூருவில் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். எண் பொருந்தாத இடத்தில் வட்டம் போடப் பழகிய கை.

போன ஏப்ரலில் விடுமுறைக்கு எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸ் போனபோது அப்பாவுக்கு ஒரு பட்டை கொண்டுபோனேன். அக்கறையால் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையான காரணம் தம்பி மனைவி கீதாவின் மேலிருந்த பொறாமை. நான் இங்கிருந்து கூப்பிட்டால் அப்பா, "நல்லாத்தான் கீறேன், கீதாகிட்ட பேசு" என்று போனைக் கொடுத்துவிடுவார். எந்த முழங்கால் வலிக்கிறது, எந்த மாத்திரை தீர்ந்தது, எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். விடுமுறையில் ஒருநாள், துவைக்கப் போட்ட பனியனின் கழுத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்து, "மாமா, நேத்து வெயில்ல எங்க சுத்தினு இருந்தீங்க?" என்று கேட்டாள். அவர் திருதிருவென்று விழித்தார். இருவரும் சிரித்தார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அன்று மாலையே பட்டையை அவர் கையில் ஒட்டி, மாற்று ஒட்டுத்தாள்களை ஒரு பெட்டி நிறைய வைத்து, விவரம் அவர் கைபேசி வழியாக என் கைபேசிக்கு வரும்படி செய்தேன். கீதாவின் கைபேசியையும் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

அதன்பின் ஐந்து வாரம் அப்பா என்னுடையவராக இருந்தார். காபிக்கு முன் 'அப்பா' என்ற பெயருக்குக் கீழே வரைபடம் வந்திருக்கும். "காலையில உப்பு நெறைய போயிருக்குப்பா, மோர் குடிங்க" என்பேன். "செரிம்மா" என்பார். ஒருநாள் பக்கத்து மேசை மார்லேன் எட்டிப் பார்த்து, காலை ஐந்து மணிக்கு உன் அப்பா என்ன விளையாடுகிறார் என்று கேட்டாள். தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர் என்று பெருமையாகச் சொன்னேன். இந்த வயதிலும் சுரங்கத்துக்கு அனுப்புகிறார்களா என்று பதறினாள். சுரங்கம் மூடி இருபது ஆண்டுக்கு மேலாகிறது என்றேன். "அப்படியானால் ஐந்து மணிக்கு?"

வரைபடத்தை மறுபடி பார்த்தேன். அப்பா எழுந்திருப்பது ஏழு மணிக்கு. தம்பி பெங்களூரு ரயிலைப் பிடிக்க ஆறு மணிக்குக் கிளம்புகிறவன். ஐந்து மணிக்கு அந்த வீட்டில், தகரக் கூரைக்கு அடியில், அடுப்பு முன்னால் நிற்பது ஒரே ஆள். வேறு யாருடைய செய்தியாக இருந்தாலும் முதல் நாளே வட்டம் போட்டிருப்பேன். உடனே வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"அப்பா, பட்டை யார் கையில கீது?"

"கீதா கையில. நீ போன மறுநாளே கழட்டி அவளுக்குப் போட்டுட்டேன்."

"உங்களுக்குத்தானே கொண்டாந்தேன்!"

"எனக்கு இன்னாத்துக்கும்மா? நான் சும்மா உக்காந்துனு கீறேன். சொரங்கத்துல லேம்பு, ஷிப்டுக்கு எறங்கறவனுக்குத்தான் குடுப்பாங்க. வூட்ல இப்ப ஷிப்டு அவளுது. அடுப்பாண்ட நின்னா தல சுத்துது அவளுக்கு, சொல்ல மாட்டா."

கீதா போனை வாங்கினாள். "கோச்சிக்காதீங்கக்கா. நீங்க மோர்னு சொன்னா மாமா டம்ளரோட வந்து நின்னுடறாரு. குடிச்சாத்தான் நகர்றாரு. உங்க தம்பிகூட என்னை இப்படிப் பாத்ததில்ல!"

எனக்குக் கோபம் வரவில்லை. வந்தது கோபத்தைவிட மட்டமானது. சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லைனில் ஷிப்டு முடிந்து வருகிறவருக்கு வீட்டிலிருப்பவர் தண்ணீர் மொண்டு கொடுக்க வேண்டும். பள்ளி நாட்களில் அப்பாவுக்கு மொண்டு கொடுத்தது நான். நான் வேலைக்குப் போய், பெங்களூருவிலிருந்து கடைசி ரயிலில் திரும்பிய நாட்களில், அவர் எனக்கு ஒரு டம்ளர் நீட்டியதாக நினைவில்லை.

பட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை. வரைபடத்தின் மேலுள்ள பெயரை எப்படி மாற்றுவது என்று கையேட்டில் திருத்தி எழுதியவள் நான்தான். என் கைபேசியில் இன்னும் மாற்றவில்லை. போன சனிக்கிழமை காலைச் சந்தையில், குளிர் கோட்டோடு மீன் வண்டி வரிசையில் நின்றபோது, 'அப்பா'வுக்கு நீர் குறைகிறது என்று எச்சரிக்கை வந்தது. அங்கே மத்தியானச் சமையல் நேரம். கூப்பிட்டேன். "தெரியும்மா, குடுத்துனுதான் கீறேன். நீ வை" என்றவர், இணைப்பைத் துண்டிக்காமல் போனை எங்கோ வைத்துவிட்டார். குடத்திலிருந்து தண்ணீர் சரியும் சத்தம். "போதும் மாமா." "முழுசா குடி." பின்னால் நின்றவர் என் தோளைத் தொட்டு, உன் முறை வந்துவிட்டது என்றார். இல்லை என்று தலையசைத்து அவருக்கு வழிவிட்டேன். அங்கே டம்ளர் கீழே வைக்கப்படும்வரை, கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு ஓரமாக நின்றேன்.