பெயர் வெட்டிய சிடிகள்

எங்கள் வீட்டில் கரண்டியிலிருந்து குத்துவிளக்குவரை எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும். காரைக்குடிப் பக்கம் பெயர் வெட்டாமல் ஒரு டம்ளரைக்கூடக் கடையை விட்டு வெளியே கொண்டுவர மாட்டார்கள். அம்மா கொண்டுவந்த சீரில் அம்மாவின் இனிஷியல், செத்துப்போன அப்பத்தாவின் பாத்திரங்களில் அப்பத்தாவின் இனிஷியல். எந்தப் பொருளையும் முதலில் கவிழ்த்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

அப்பாவின் ஒரே தம்பியான என் சித்தப்பா, சிங்கப்பூரில் ஏழு வருஷம் எலக்ட்ரீசியனாக இருந்துவிட்டு ஊர் திரும்பினார். எல்லோரையும்போலத் தைலமும் சாக்லேட்டும் கொண்டுவந்தார். கூடவே இரண்டு பெட்டி நிறைய வீடியோ கேம் சிடிகளும் அவற்றை ஓட்டுகிற மெஷினும் வந்தன. லீவு நாட்களில் பழைய சாமான் விற்கிற இடங்களில் அலைந்து வாங்கியவை. மொத்தம் எத்தனை என்று அவருக்கே தெரியாது. ஒரே கார் ரேஸை மூன்று தடவை வாங்கியிருந்தது பெட்டியைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. அம்மா சிரித்த சிரிப்பில் சித்தப்பாவுக்கு ரோஷம் வந்து, அன்றைக்கே ஒரு நீள நோட்டு வாங்கிவந்து என் கையில் கொடுத்தார்.

"நம்ம வீட்டுல உன் கையெழுத்துதான் தாயி உருப்படி. இனிமே இதுக்கெல்லாம் நீதான் பொறுப்பு."

எனக்கு அப்போது எட்டு வயது. ஒரு வருஷம் கழித்து நோட்டில் இருநூற்று முப்பத்தொரு வரிகள் இருந்தன. நம்பர், பெயர், எந்த டின், எதுவரை ஆடியிருக்கிறோம். தீபாவளி முறுக்கு டின்கள் ஒன்பதைக் காலிசெய்து, ஒவ்வொரு சிடியையும் காகித உறையில் போட்டு வரிசையாக அடுக்கியிருந்தோம். பாதிக்கு மேல் ஜப்பான் எழுத்து. வாசிக்கத் தெரியாததால் படத்தைப் பார்த்து நானே பெயர் வைத்தேன். 'மழையில் பச்சை லாரி', 'கோபக்காரச் சமையல்காரர்', 'மாடு இல்லாத பண்ணை'. சித்தப்பா ஒரு பெயரைக்கூட மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் நம்பரை வாசிப்பேன், அவர் எடுத்துக் காட்டுவார், நான் டிக் அடிப்பேன். அதற்குப் பிறகுதான் ஆட்டம். அவருக்கு இருந்த கட்டளை ஒன்றே ஒன்று.

"அடிப்பக்கம் மட்டும் விரல் படக்கூடாது தாயி. உசுரே அங்கதான் இருக்கு."

எனக்குப் பத்து வயதானபோது பாகம் பிரிப்பது என்று முடிவானது. சித்தப்பா மதுரையில் கடை போட ஆசைப்பட்டார். அதற்காக வீட்டை விற்கலாமா கூடாதா என்பதில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு தடித்துவிட்டது. நாச்சியாபுரத்திலிருந்து தாத்தா முறையுள்ள பெரியவர் ஒருவர் பிரித்துக்கொடுக்க வந்தார். முதல் நாள் பாத்திரங்கள். கூடத்தில் எல்லாவற்றையும் கவிழ்த்துவைத்து, குனிந்து குனிந்து பெயர் வாசித்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, ஒரு பித்தளை அண்டா வரும்வரை. அதில் பெயர் இல்லை.

"அது எங்க வீட்டுல குடுத்தது மாமா. பேரு வெட்டாம விட்டுட்டாக" என்றார் அம்மா.

"பேரு இல்லாதது பொதுதான் ஆத்தா. பொதுவ ரெண்டாத்தான் பிரிக்கணும்."

அண்டாவை எடைக்குப் போட்டுப் பாதிப் பாதி என்று தீர்ப்பானது. அம்மா அடுப்படிக்குப் போய் அழுதார். வரும் சனிக்கிழமை மற்ற சாமான்களைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் கிளம்பினார்.

நான் உள்ளே போய் சிடி டின்களைத் திறந்து பார்த்தேன். இருநூற்று முப்பத்தொன்றில் ஒன்றில்கூடப் பெயர் இல்லை. பாதி இங்கே, பாதி அங்கே என்று போய்விட்டால் என் நோட்டுக்கு அர்த்தமே இல்லை. அவை எல்லாம் சித்தப்பாவுடையவை என்று ஆகிவிட்டால் எங்கே போனாலும் ஒன்றாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை நம்பர் வாசிக்க என்னைக் கூப்பிட்டாக வேண்டும். இதுதான் என் கணக்கு.

சித்தப்பா கடைக்கு இடம் பார்க்க மதுரை போயிருந்தார். பள்ளிக்கூடம் லீவு. மூன்று மதியங்கள், மெத்தையில் மெல்லிய துண்டை விரித்து, அடிப்பக்கத்தில் விரல் படாமல் சிடியைப் படுக்கவைத்து, படம் போட்ட மேல்பக்கத்தில் காம்பஸ் முள்ளால் சித்தப்பாவின் இனிஷியலை அழுத்தி அழுத்தி வெட்டினேன். வெ.க. கையில் கொப்புளம் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாவதை முடித்தபோது வாசலில் சித்தப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. மறுநாளே சனிக்கிழமை. மிச்சம் பத்தொன்பதை வெட்ட நேரம் கிடைக்கவில்லை.

டின்களைக் கூடத்துக்குக் கொண்டுவந்ததும் பெரியவர் கேட்டார், "இது என்னப்பா, யாருக்கு?"

"இதைப் பிரிக்க வேணாம் பெரியப்பா. எல்லாம் பாப்பாவுக்குத்தான்" என்றார் சித்தப்பா.

அப்பாவின் முகம் அன்றைக்குத்தான் கொஞ்சம் இளகியது. அதை நான் கெடுத்தேன். "இல்ல தாத்தா, எல்லாம் சித்தப்பாவோடது. பேரு வெட்டியிருக்கு" என்று பெருமையாகச் சொன்னேன்.

சித்தப்பா ஒன்றை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இன்னொன்றையும் அப்படியே பார்த்தார். என் எழுத்தை ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

"எல்லாத்துலயுமா தாயி?"

"இருநூத்திப் பன்னெண்டு வரைக்கும்."

அவர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பெரியவரிடம் திரும்பினார்.

"மனச மாத்திக்கிட்டேன் பெரியப்பா. பேரு வெட்டுனதை நானே கொண்டுபோறேன். வெட்டாதது பாப்பாவுக்கு. மெஷினும் இங்கனயே இருக்கட்டும்."

"பிள்ளைக்குக் குடுத்ததை அரை நிமிசத்துல புடுங்குறான். பாத்துக்கங்க, இவந்தான் என் தம்பி" என்றார் அப்பா.

சித்தப்பா வெட்டாத பத்தொன்பதை மட்டும் வெளியே எடுத்து என் முன்னால் வைத்தார். டின்களைத் தானே சுமந்து ஆட்டோவில் ஏற்றினார். நோட்டைக் கேட்பார் என்று கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் சிவப்பு மையால் அடித்து, கீழே 'பிடுங்கியது' என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. சித்தப்பாவின் கல்யாணத்துக்குக்கூட அப்பா பந்தலோடு திரும்பிவிட்டார். யாராவது சமாதானம் பேச வந்தால், வீடு, நிலம் பற்றி அப்பா பேச்சே எடுக்க மாட்டார். "பச்சப்பிள்ளைக்குக் குடுத்ததைப் புடுங்குனவன்" என்பார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறேன்.

போன மாதம் சித்தப்பா இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்கு அப்பாவும் நானும் மதுரை போனோம். சித்தி அலமாரியைத் திறந்து ஒன்பது முறுக்கு டின்களைக் காட்டினார்.

"இதை என்ன செய்யுறதுன்னு தெரியல தாயி. ஒண்ணுகூட ஓடாது, மேல கீறினா செத்துப்போகும்னு அவுகளே சொல்லுவாக. ஆனாலும் தூக்கிப் போட விடமாட்டாக."

ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தேன். வெ.க. என்ற எழுத்துகள் வழியாக வெளிச்சம் ஊடுருவி வந்தது. நம்பர் வரிசை ஓர் இடத்திலும் மாறவில்லை. அப்பா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது, திருப்பத்தூர் தாண்டியதும் அப்பா என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு நீ பாழாக்கிட்டன்னு தெரிஞ்சிருந்தா, இருந்த கோவத்துல உன்னைய அடிச்சே போட்டிருப்பேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "அது அவனுக்குத் தெரியும்" என்றார்.

எனக்கு ஆறவில்லை. அன்றைக்கு எனக்கு மிஞ்சிய பத்தொன்பதும் நன்றாக ஓடின. வருஷக்கணக்கில் அவற்றை ஆடினேன். ஒவ்வொரு தடவை மெஷினின் பொத்தானை அழுத்தும்போதும் சித்தப்பாவைத் திட்டினேன். மெஷினை என்னிடம் விட்டுவிட்டு, வெறும் சிடிகளை மட்டும் சுமந்துகொண்டு போன மனிதர் அவற்றை எதில் போட்டு ஆடுவார் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.