வைனில் மணந்த ஓமம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை மத்தியானம், லண்டன் மோர்டனில் உள்ள என் மதுக்கடையில் நடந்தது இது. மதுக்கடை வைத்திருக்கிறேனே தவிர, ஒரு சொட்டும் குடிப்பதில்லை. கோவில், விரதம் என்று இருப்பவன். வாசிக்கிற வியாதி மட்டும் உண்டு. மத்தியதரைக் கடலோரத் தென் பிரான்ஸ் வைன்களைப் பற்றிக் கல்லாவில் இருந்தபடியே வாசித்துத் தள்ளியிருந்தேன். மனைவி தவறி, பிள்ளைகளும் வேறு ஊர்களுக்குப் போன பிறகு, வீட்டில் நான் பேசினால் பதிலுக்கு உறுமுவது ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். ஆகவே கடைக்கு வருபவர்களிடம் பேசினேன்.

அதிகம் அகப்பட்டவர் ஒரு அண்ணை. பிரான்சிலிருந்து இங்கே வந்து, ஓர் அறையில் தனியாக இருந்தவர். வெள்ளிதோறும் அந்தத் தென் பிரான்ஸ் பக்கத்துச் சிவப்பு வைன் ஒரு போத்தல் வாங்குவார். அங்கத்தைய கல்லுத் தரை, திராட்சையை அழுகவிடாத வடக்குக் காற்று, வெயிலில் முற்றிய பழத்தின் கனதி என்று இரண்டு வருடம் அவருக்குப் பாடம் எடுத்தேன். “ஓம் தம்பி” என்று ஆமோதிப்பதற்குமேல் அவர் எதுவும் சொன்னதில்லை.

அன்று, முந்தின நாள் வாங்கிய போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்தார். கொஞ்சம்தான் குறைந்திருந்தது. பழுதாய்ப்போச்சாக்கும் என்று வேறொன்றை நீட்டினேன். வாங்கவில்லை. காய்ச்சல் வந்து போனதிலிருந்து மணம் ஒன்றும் தெரியவில்லையாம். இனித் தெரியாமலே போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பிறகு, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவர்போல, அந்த வைன் வருகிற திராட்சைத் தோட்டங்களில் தான் பதினொரு வருடம் கூலிக்குப் பழம் ஆய்ந்ததாகச் சொன்னார்.

எனக்கு மேசைக்குக் கீழே ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. ஏன் அண்ணை முதலே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அந்த இடத்தைப் பற்றித் தமிழில கதைக்க எனக்கு வேற ஆர் இருக்கினம்? நீர் குடிக்கிறேல்லை எண்டு முதல் நாளே தெரியும். குடிக்கிறவன் இவ்வளவு கதைக்கமாட்டான்.”

என் தேநீர்க் கோப்பையைக் கழுவச் சொல்லி, அதில் கொஞ்சம் ஊற்றி நீட்டினார். தனக்குத் தெரியாத மணம் அதில் இன்னும் இருக்கிறதா என்று நான் சொல்லவேண்டும். வழக்கம்போலக் கறுத்த பழங்கள், மிளகு என்று தொடங்கினேன்.

“புத்தகத்தை விடும். மணந்துபோட்டுச் சொல்லும்.”

கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் மணந்தேன். பயந்து பயந்து, “காய்ஞ்ச புழுதி அண்ணை... பிறகு கொஞ்சம் ஓமம்” என்றேன். வைனில் ஓமத்தைக் கண்டுபிடித்த முதல் மடையன் நானாகத்தான் இருக்கவேண்டும்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தத் தோட்டங்களின் ஓரமெல்லாம் தானாக முளைக்கிற ஒரு குட்டிச் செடி, காலில் மிதிபட்டால் அச்சு அசல் ஓமம்தான் மணக்கும் என்றார்.

“அப்ப, இருக்குது என்ன?”

“ஓம் அண்ணை. இருக்குது.”

போத்தலை மூடிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அந்தக் கோடையில் மகளிடம் கனடாவுக்குப் போய்விட்டார். நான் இப்போதும் குடிப்பதில்லை. மணந்து பார்த்தால் விரதம் முறியாது என்று நானே ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். சில வெள்ளிக்கிழமைகளில் அந்த வைன் ஒன்றைத் திறந்து கோப்பையில் ஊற்றுகிறேன். ஓமம் இருக்கிறது. அதைச் சொல்ல ஆளில்லாமல் நிற்கும்போதுதான், என் பேச்சையே இரண்டு வருடம் தேடி வந்து கேட்ட அந்த மனிதர் எவ்வளவு தனியாக இருந்திருப்பார் என்று விளங்குகிறது.