செல்லதுரை வீட்டுக் கூரை எழுந்த நாள்

என் சின்னம்மா பெற்ற ஐந்தில் மூத்தவன் செல்லதுரை. அவனுக்குக் கீழே நாலும் பெண்கள். சித்தப்பா கிளென்மார்கன் பக்கம் மின்சார வேலையில் இருந்தவர். சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போவார். அவர் வாங்கிய வீடு வெலிங்டனுக்குக் கீழே மலைச் சரிவில் இருக்கிறது. கருங்கல்லைச் சேற்றில் வைத்து எழுப்பிய சுவர், மேலே தகரக் கூரை. ஒரு ஹால், ஓர் அறை, ஓர் அடுப்படி, அவ்வளவுதான்.

கடைசித் தங்கை பிறந்தபோது படுக்க இடமில்லை என்று செல்லதுரையைத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். அவனுக்கு எட்டு வயது. பெரிய லீவுக்கு வந்தால் நேரே உள்ளே போகமாட்டான். யாராவது "வாடா" என்று கூப்பிடும் வரைக்கும் விருந்தாளி மாதிரி வாசலிலேயே நிற்பான். அதை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

பிறகு அவன் வளர்ந்து வந்தான். வெலிங்டனில் ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் வேலை கிடைத்தது. தங்கைகள் நாலு பேரையும் கட்டிக் கொடுத்தான். கோத்தகிரியிலிருந்து ஜெஸிந்தாவைக் கட்டி வந்தான். பிள்ளைகள் இரண்டு, ரிஜோவும் ஷிஜோவும். ரிஜோ பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அவன் மனைவி ஃபெபிக்கு மேட்டுப்பாளையம். அவர்களுடைய மூத்த பெண் கெஸியாவுக்கு ஏழு வயது. போன கிறிஸ்துமஸ் கழிந்து ஃபெபிக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. அதோடு வீடு நிறைந்து, மூச்சு விடவும் இடமில்லாமல் போயிற்று. ஷிஜோ அடுப்படியில் படுத்தான்.

ஏப்ரல் மாதம், சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். நானும் இருந்தேன். ஃபெபிதான் சொன்னாள்.

"மாமா, ஜூன்ல இருந்து கெஸியாவ அம்மா ஊட்டுலயே உட்டர்றோமுங்க. அங்க ஸ்கூலும் பக்கம்."

செல்லதுரை சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"எதுக்கு?"

"எடம் எங்கீங்க மாமா இருக்குது?"

எல்லோரும் ஹாலைச் சுற்றிப் பார்த்தோம். செல்லதுரை மட்டும் அண்ணாந்து பார்த்தான்.

"மேல இருக்குது" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வீட்டுக்கு முன்னால் ஆள் உயரத்துக்குப் பள்ளம், அதற்குக் கீழே தெரு. பக்கத்தில் அடுத்த வீட்டுச் சுவர். பின்னால் மலை, அந்த மண்ணை வெட்டினால் மழைக்குச் சரிந்து அடுப்படிக்குள்ளேயே வந்துவிடும். மேலே கான்கிரீட் போட்டால் சேற்றுச் சுவர் தாங்காது. மிச்சம் இருந்த வழி ஒன்றுதான். கூரையை நாலடி உயர்த்தி, சுவரை அதுவரைக்கும் ஏற்றி, நடுவில் பலகைத் தளம் போட்டால் மேலே ஓர் அறை கிடைக்கும்.

கொத்தனார் சுடலைமுத்து வந்து பார்த்தார். "பிரிச்சா தகரம் பாதி கிழிஞ்சுரும். மழையும் ஆரம்பிச்சிருச்சு. பிரிக்காம எப்படிண்ணா ஒசத்துவீங்க?"

"அப்படியே தூக்கறது."

"மலையத் தூக்குன அனுமாருங்களா நீங்க?"

"அவருகிட்ட ஜாக்கி இல்ல. எங்கிட்ட இருக்குது" என்றான் செல்லதுரை.

ஆர்மி லாரிகளை வாழ்நாளெல்லாம் ஜாக்கி போட்டுத் தூக்கியவன் அவன். ஆனால் லாரிக்கு அடியில் நிற்பது வேறு, சொந்த வீட்டுக்கு அடியில் நிற்பது வேறு. ஜெஸிந்தா மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நாலாம் நாள், "ஏனுங்க, தூக்கறப்ப எனக்கு என்ன வேலை?" என்று கேட்டாள்.

"நீ கரண்டியால தட்டத் தட்டோணும். ஒரு தட்டுக்கு எல்லாரும் ஒரு அமுக்கு. நீ நிறுத்துனா எல்லாரும் நிறுத்தோணும்."

மே மாதத்தில் மழை விட்டிருந்த ஒரு காலையில் வேலை தொடங்கியது. இரட்டைப் பிள்ளைகளையும் கெஸியாவையும் எதிர்வீட்டு மாரியாயி தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். உள்ளே கட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் ஜாக்கிகளை வைத்து, கூரையின் உத்தரங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு ஜாக்கிக்கும் ஓர் ஆள். ஜெஸிந்தாவின் தம்பிமார் இரண்டு பேர், ஃபெபியின் தாய்மாமன், சர்ச்சிலிருந்து வந்தவர்கள், மகன்கள் இருவர். சுவருக்கும் கூரைக்கும் இருந்த ஆணிகளையும் பட்டைகளையும் முந்தின நாளே செல்லதுரை கழற்றிவிட்டான்.

ஜெஸிந்தா வாசற்படியில் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினாள். எல்லோரும் அமுக்கினார்கள். மறுபடியும் தட்டினாள். பத்துப் பதினைந்து தட்டு ஆகியிருக்கும். சுவர் உச்சியில் நூல் அளவுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது. நான் இந்தத் தலைமுடி நரைக்கும் வரைக்கும் எத்தனையோ பார்த்தவன்; ஒரு வீடு வாய் திறந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். வெளிச்சம் மெல்ல அகலமாயிற்று. கையை நுழைக்கலாம் போல ஆயிற்று.

தென்மேற்கு மூலையில் மட்டும் வெளிச்சம் வரவில்லை. அங்கே உத்தரம் முனகியது.

"நிறுத்து" என்றான் செல்லதுரை. தட்டுச் சத்தம் நின்றது.

அவன் ஏணியில் ஏறி அந்த மூலைச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தான். உளியை வாங்கி நாலு கொத்துக் கொத்தினான். காரை உதிர்ந்தது. உள்ளே கட்டைவிரல் தடிமனுக்கு ஓர் இரும்பு வடம். கூரை உத்தரத்தைச் சுற்றிக்கொண்டு சுவருக்குள்ளேயே கீழே இறங்கியிருந்தது. சுடலைமுத்து அதன் வழியே காரையைக் கொத்தி, அடியில் மண்ணையும் தோண்டிக்கொண்டே வந்தார். வடம் தரைக்குப் போய், தரைக்கல்லுக்கு அடியில் நுழைந்து, பின்சுவர் உட்கார்ந்திருந்த பாறையைச் சுற்றியிருந்தது.

சுடலைமுத்து மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"ஊட்ட மலையோட சேத்துக் கட்டியிருக்காருண்ணா மனுசன்."

சித்தப்பா கட்டியதுதான். செல்லதுரை விடுதியில் இருந்த நாளில் ஒரு பெருங்காற்று வந்து இந்தச் சரிவில் பல கூரைகளைக் கொண்டுபோயிற்று. கிளென்மார்கனில் கழித்துப் போட்ட வடத்தை அவர் தோளில் சுமந்து வந்திருக்க வேண்டும். தென்மேற்கிலிருந்துதானே இங்கே காற்று அடிக்கும். தங்கைகளுக்குத் தெரிந்திருக்கும்; அவர்களைக் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் இல்லாதவனுக்கு எப்படித் தெரியும்?

அத்தனை பேரின் கையும் ஜாக்கியில். தலைக்கு மேலே கூரை, மூன்று பக்கம் எழுந்து ஒரு பக்கம் எழாமல், சாய்ந்து நின்றது.

"அப்பா, அறுத்தர்லாமுங்களா?" என்றான் ரிஜோ.

"அறுத்ததுக்கப்புறம் காத்தடிச்சா என்ன பண்றது?" என்றான் ஷிஜோ. "மொத்தமும் பக்காசூரன் மலைக்குப் போயிரும்."

ஃபெபி எதிர்வீட்டிலிருந்து வந்து வாசலில் நின்றிருந்தாள். "வேண்டாமுங்க மாமா. எறக்கீருங்க. கெஸியா எங்கம்மா ஊட்டுல நல்லாத்தான் இருப்பா."

செல்லதுரை வடத்தின் மேல் கை வைத்தபடியே இருந்தான். துரு கையில் ஒட்டியிருந்தது. ஒரு நிமிஷம் அவன் இறக்கச் சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். இறக்கினால் ஜூன் மாதம் அந்தப் பிள்ளை கீழே மேட்டுப்பாளையத்துக்குப் போகிறது, வேறு பேச்சில்லை.

"சுடல, காத்து எப்பக் கெளம்பும்?"

"மத்தியானத்துக்கு மேலதாண்ணா."

"ஷிஜோ, வண்டி கட்டி இழுக்கற வடம் வேனுல இருக்குதா பாரு. கிளாம்பும் எடுத்துட்டு வா."

"எதுக்குப்பா? அறுக்கத்தான போறோம்?"

"அறுக்கறதில்லடா. நீட்டப் போறோம்."

வேனின் வடத்தை ஒரு முனையில் உத்தரத்தோடு கட்டி, மறுமுனையைச் சித்தப்பாவின் வடத்தில் கீழே கிளாம்பு போட்டு முடுக்கினான். நடுவில் தளர்த்தி விட்டான். அப்புறம்தான் பழைய வடத்தின் மேற்பக்கம் ரம்பத்தை வைத்தான். ஒவ்வொரு இழையாக அறுந்தது. கடைசி இழை அறுந்தபோது கூரை தானாகவே ஒரு விரற்கடை துள்ளி எழுந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டது. ஃபெபியின் தாய்மாமன் சிலுவை போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன்.

"தட்டு" என்றான் செல்லதுரை.

ஜெஸிந்தா தட்டினாள். அதற்குப் பிறகு கூரை எங்கும் முனகவில்லை. கொஞ்சம் உயரும், கட்டை செருகுவார்கள், மறுபடியும் உயரும். அது ஏற ஏற அவன் அந்த மூலையில் கிளாம்பைத் தளர்த்தி வடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுத்தான். கன்றுக்குட்டியின் கயிற்றை விடுவது போல விட்டான்.

நாலடி ஆனபோது கீழே பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டமாக மஞ்சு ஏறி வந்தது. எப்போதும் சுவரில் மோதி இரண்டாகப் பிரிந்து போகும் மஞ்சு அன்றைக்குச் சுவருக்கு மேலே திறந்திருந்த இடைவெளியில் நுழைந்தது. எங்கள் தலைக்கு மேலேயே, உத்தரங்களுக்கு அடியில், ஓசையில்லாமல் வெள்ளையாக நடந்து, பின்பக்கம் வழியாக மலைக்குப் போயிற்று. ஜாக்கியில் கை வைத்திருந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஜெஸிந்தா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். கூரை அதற்கு மேலே தனியாக நின்றது, யாரோ மேலிருந்து பிடித்துக்கொண்டிருப்பது போல.

கெஸியா தெருவைத் தாண்டி ஓடிவந்து ஏணியில் பாதி ஏறிவிட்டாள். யாரும் அதட்டவில்லை. சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தாள்.

"தாத்தா, இங்கிருந்து ரயிலு தெரியுது" என்றாள்.

காற்று கிளம்புவதற்குள் கூரையை மரத் தூண்களில் நிறுத்தி, வடத்தை முடுக்கிக் கட்டி, சுற்றிலும் தார்ப்பாய் போட்டாயிற்று. சாயங்காலம் டீ குடிக்கும்போது ஃபெபி அம்மாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம், ஸ்கூலில் சொல்லி வைத்துவிட்டேனே என்று அந்தம்மா சத்தம் போடுவது எங்களுக்கே கேட்டது.

"இல்லீங்கம்மா, கெஸியா வரலீங்க. லீவுக்கு வேணா பத்து நாள் வருவா. பேத்திகூடவே இருக்கோணும்னா நீங்க மேல வாங்க, இப்பத்தான் எடம் இருக்குதல்ல."

ஜெஸிந்தா டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "இன்னும் செவுரே வெக்கல. அதுக்குள்ள சம்பந்தியம்மாவக் கூப்புட்டாச்சு."

"வரட்டும்" என்றான் செல்லதுரை.