விலைக்கு வாங்கிய சோறு

அனுசுயா எனக்கு அறுநூற்று நாற்பது ரூபாய் தரவேண்டியிருந்தது. சோறு வாங்கிய பாக்கி. டின் இருபது ரூபாய், முப்பத்திரண்டு டின்.

முகூர்த்த நாளில் கடைசிப் பந்திக்கு இலை போடும்போதே என் மண்டபத்துச் சமையல்கட்டின் பின்வாசலில் வந்து நின்றுவிடுவாள். இரண்டு கையிலும் எண்ணெய் டின், கழுவிக் கவிழ்த்துக் காயவைத்தது. உள்ளே கால் வைக்கமாட்டாள். கண் மட்டும் சோற்று அண்டாவை விட்டு நகராது.

“வந்துட்டாங்கய்யா ஆடிட்டரு. அண்டாவ தொறந்து காட்டுங்க” என்பான் சமையல்காரன் கோதண்டம்.

“உன் சாம்பாரு மாதிரியே உன் பேச்சும் தண்ணியாத்தான் கீது பாவா. நீ கரண்டிய பாரு” என்பாள்.

அவள் பார்ப்பது ஒன்றே ஒன்று. பந்திக்குள் போன வாளி திரும்பி வந்து அண்டாவில் கவிழ்கிறதா என்று. இலைகளைச் சுற்றி வந்த வாளிச் சோறு, ஒருவர் கையும் படாவிட்டாலும், அவளுக்கு ஆகாது. அது மாட்டுக்கு. வடித்துக் கொட்டிய இடத்தைவிட்டு அசையாத சோறுதான் அவளுக்கு வேண்டும். ஒருநாள் புதிதாக வேலைக்கு வந்தவன் தெரியாமல் ஒரு வாளியை அண்டாவில் கொட்டிவிட்டான். அனுசுயா சண்டை போடவில்லை. “சொல்லி வெச்ச சரக்கு, துட்டு குடுத்துடறேன். சோத்த மாட்டுக்கு வெச்சிடுங்க” என்று நாற்பது ரூபாயை வைத்துவிட்டு வெறும் டின்னோடு போனாள்.

இந்தச் சோறு என்ன ஆகிறது என்று கேட்பீர்கள். அன்று சாயங்காலம் தண்ணீர் ஊற்றி வைப்பாள். விடிந்ததும் வடித்து, பச்சை மிளகாய், சீரகம், உப்பு, பெருங்காயம் போட்டு அரைத்து, மாடியில் கிள்ளிக் கிள்ளி வைப்பாள். சோத்து வடகம். எங்கள் ஊர் வெயிலை நீங்கள் செய்தியில் கேட்டிருப்பீர்கள். சித்திரை பிறந்தால் எத்தனை டிகிரி என்று சொல்லும்போது திருத்தணி பெயர் வராமல் இருக்காது. ஊரே திட்டுகிற வெயிலை அவள் மட்டும் திட்டமாட்டாள். “சம்பளம் கேக்காத ஆளு நைனா அது” என்பாள். காய்ந்ததா என்று கையால் பார்ப்பதில்லை. காதோரம் வைத்து ஒடித்து, சத்தம் கேட்பாள்.

வைக்கிற தட்டும் அவள் கண்டுபிடிப்புதான். மண்டபத்தில் மாப்பிள்ளை அறைக்குப் போட்ட இரும்புக் கட்டில்களில் பலகை ஊறிப் போய் நான்கைக் கழித்துப் போட்டேன். பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டாள். பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சட்டத்தில் பழைய வேட்டியை இழுத்துக் கட்டினாள். மேலேயும் காற்று, கீழேயும் காற்று. வடகம் இரண்டு பக்கமும் ஒன்றாகக் காய்கிறது. பத்தாயிரம் ரூபாய்க்கு மெஷின் விற்கிறானாம் இதற்கு. “எத்தினி மாப்பிள படுத்த கட்டிலு. இப்ப சோறு படுத்துகினு கீது” என்று அவளே சிரிப்பாள். மழை தூறினால் மேலே போர்த்துவது கல்யாண பேனர். பொண்ணு மாப்பிள்ளை முகத்தை வானத்துப் பக்கம் திருப்பிப் போடுவாள், ஜோடி ஜோடியாக நனைவார்கள்.

வேட்டி விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. தெருவில் யார் பழைய வேட்டி கொடுத்தாலும் பதிலுக்கு ஒரு படி வடகம் உண்டு. ஆனால் வாங்கும் முன் ஓரத்தில் ஒரு நூலை உருவி, தீக்குச்சி கிழித்துக் காட்டுவாள். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகி மணியாகச் சுருண்டால் திருப்பிக் கொடுத்துவிடுவாள். பருத்தி என்றால்தான் பின்பக்கம் தண்ணீர் தெளித்ததும் வடகம் கழன்று வரும். அப்படி இரண்டு வருஷம் உழைத்த வேட்டி கிழிந்ததும் அடுப்பில் பாத்திரம் இறக்கும் கரித்துணி ஆகும். கரித்துணிக்கும் ஆகாத ஓரங்கள் விளக்குத் திரி. குப்பைக்காரனுக்கு அந்த வீட்டில் வேலையே இல்லை.

இதையெல்லாம் நான் ரசித்துச் சொல்லக் காரணம் உண்டு. நானும் அப்படி வந்தவன். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மணவூரிலிருந்து வந்து பந்தலுக்கு மூங்கில் சுமந்தேன். இன்று ‘மண்டபத்து வேணு’ என்றால் மலையடிவாரத்தில் தெரியாதவர் இல்லை. ஒரு பந்திக்கு முந்நூற்றைம்பது பேர் உட்காரலாம். இலைக்கு இவ்வளவு என்று சாப்பாடும் என் பொறுப்பு. குறைந்தால் என் மானம், மீந்தால் என் சொத்து.

முதல் தடவை அவள் வந்து கேட்டபோது, “காசு எதுக்கும்மா, சும்மா எடுத்துட்டுப் போ” என்றேன்.

“சும்மா குடுத்தா நாளைக்கி பிச்சக்காரியாட்டம் வாசல்ல நிக்க வெச்சிடுவீங்க. விலைய சொல்லுங்க நைனா.”

விளையாட்டாக, டின் இருபது என்றேன். அப்படியே நின்றுவிட்டது. ஒன்பது வருஷம். கணவன் இல்லாத வீட்டில் மகள் கவிப்பிரியாவை நர்ஸ் படிக்கவைத்துக் கல்யாணமும் செய்துவிட்டாள், என்னிடம் ஒரு பைசா கடன் கேட்காமல். காலை ரயிலில் அரக்கோணம் போகும் ஆபீஸ் பெண்களுக்குப் பொட்டலம், பஸ் ஸ்டாண்டு அருகே மெஸ் நடத்தும் பிரேமாவுக்கு மாசம் எட்டு கிலோ. இந்த இரண்டுதான் அவள் வியாபாரம்.

போன ஐப்பசியில் மழை விடாமல் பிடித்து நாலு கட்டில் சரக்கும் பூசணம் பூத்தது. அதே சமயம் மகளுக்குப் பிரசவம். அப்போதுதான் முதல்முறையாக, “மாசி முடியறதுக்குள்ள குடுத்துடறேன் நைனா” என்று தவணை சொன்னாள். அப்படிச் சேர்ந்தது அந்த அறுநூற்று நாற்பது.

மாசி பிறந்த வாரத்தில் என் மண்டபத்துக்கு இருபத்தைந்தாம் ஆண்டு விழா. மேடை போட்டு, மைக் வைத்து, ஊரை அழைத்துச் சாப்பாடு போட்டேன். நல்லது செய்கிற ஆசையில்தான் அனுசுயாவை மேடைக்குக் கூப்பிட்டுப் புடவை கொடுத்தேன். “என் மண்டபத்துல மீந்த சோத்துல ஒரு குடும்பமே பொழைக்குது. இந்தம்மா தரவேண்டிய பாக்கியையும் இன்னியோட தள்ளிட்டேன்” என்றேன். கைதட்டல் பலமாக இருந்தது. அவள் தலையைக் குனிந்தபடி இறங்கிப் போனதை வெட்கம் என்று நினைத்தேன்.

மறுநாள் புடவை கோதண்டம் கையில் திரும்பி வந்தது, மடிப்புக் கலையாமல்.

அடுத்த முகூர்த்தத்துக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. சோற்றைக் குழியில் கொட்டினோம். கோதண்டமே, “ஆடிட்டர் இல்லாம அண்டாவ பாக்க என்னவோ மாதிரி கீது” என்றான். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டுக்குப் போனேன். மாடியில் கட்டில்கள் நாலும் சுவரில் சாய்ந்து நின்றன. அவள் வேர்க்கடலை பறிக்கக் கூலிக்குப் போயிருந்தாள். நகக்கண்ணில் செம்மண்ணோடு வந்து சேர்ந்தாள்.

“ஏன் வரல?”

“பிரேமா மூட்டைய திருப்பி அனுப்பிச்சிடுச்சி. மண்டபத்து எச்சிலாமே, ஓனரே மைக்குல சொன்னாரேன்னு கேக்குது. ரயில்லயும் அதே பேச்சுதான்.”

“நான் எச்சில்னு சொல்லலையே.”

“சொல்லல. பாக்கிய தள்ளிட்டேன்னீங்க, சும்மா குடுத்த மாதிரிதான ஆச்சி. சும்மா குடுக்கற சோறு எந்தச் சோறுன்னு ஊருக்குத் தெரியாதா?”

என் பேச்சில் தப்பு இருந்ததாக அப்போதும் எனக்குப் படவில்லை. நான் போய்ப் பிரேமாவிடம் சொல்கிறேன் என்றேன்.

“நீங்க சொன்னா, பாவம், ஏழைக்காகப் பேசறாருன்னு நெனைக்கும். உங்க வாயி வோணாம் நைனா. கூலி சேத்துகினு கீறேன். நாலு பேரு எதிர்ல சொன்னீங்க, நாலு பேரு எதிர்லயே துட்ட வாங்கிக்கங்க.”

எனக்குக் கோபம் வந்தது. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து யாரிடமும் கையேந்தாதவன் நான். என் மண்டபத்தில், விருந்தாளிகள் பார்க்க, கூலிக்குப் போகிற பொம்பளையிடம் சோற்றுக்குக் காசு வாங்கினால் என் பெயர் என்ன ஆகும்? அவள் போட்டு வைத்த டீயைக் குடிக்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

பங்குனியில் ஜவுளிக்கடை சக்திவேல் மகளுக்குக் கல்யாணம். தாலி மலைமேல் கோயிலில், சாப்பாடு என் மண்டபத்தில். பஜாரே வந்திருந்தது, பிரேமாவும் பந்தியில் இருந்தாள். அனுசுயா அன்று முன்வாசல் வழியாக வந்தாள். சந்தனம், கல்கண்டு வைத்த மேசையைத் தாண்டி, இரண்டு டின்னோடு நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் வந்து என் எதிரில் நின்றாள்.

“நைனா, பழைய பாக்கி அறுநூத்தி நாப்பது. இன்னிக்கி ரெண்டு டின்னு வோணும். துட்டு எடுத்தாந்துகீறேன்.”

பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவன் நின்றுவிட்டான். அவளை ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போயிருக்கலாம். போகட்டும் என்று சிரித்து மழுப்பியிருக்கலாம். அவள் நகத்தில் அந்தச் செம்மண் இன்னும் இருந்தது.

“ஆங், பாக்கி சரி. இன்னிக்கி டின்னு முப்பது ரூபா” என்றேன், மைக் இல்லாமலே கூடம் முழுக்கக் கேட்கும்படி.

ஒரு நொடி என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு டின்னைக் கீழே வைத்தாள்.

“முப்பதா? இன்னா, பாசுமதி போட்டு வடிச்சீங்களா?”

“பொன்னி, முதல் தரம். அண்டாவ விட்டு வெளிய போகாத சோறு. வாளிச் சோறுன்னா சும்மாவே எடுத்துக்கோ, மாட்டுக்கு வெச்சிருக்கேன்.”

“எங்கிட்ட மாடு இல்ல. இருபத்தி ஒண்ணு.”

“இருபத்தெட்டு. கேஸ் என்ன விலை தெரியுமா?”

“நா வராத முகூர்த்தம்லாம் குழில கொட்டினீங்களே, அதெல்லாம் கேஸ் இல்லாம வெந்துச்சா? இருபத்தி ரெண்டு.”

பந்தியில் ஒருவர் சிரித்தார். பெண்ணுக்கு அப்பா சக்திவேல் ஓடிவந்தார். “இன்னாண்ணே இது, கல்யாணத்துல போயி சோத்துக்கு பேரம்? என் கணக்குல எழுதிக்கங்க, வுடுங்க.”

“நீ நகருப்பா. இது அவளுக்கும் எனக்கும் வியாபாரம்.”

“எழுவது வயசுல இந்த மன்சனுக்கு துட்டாசைய பாரேன்” என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. இருபத்தைந்து வருஷம் சம்பாதித்த தருமவான் பட்டம் அந்த இடத்திலேயே போயிற்று. போகட்டும். பேரத்தில் நான் இளைத்தவன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

“இருபத்தஞ்சு. இஷ்டம்னா எடு.”

“சரி, ரெண்டு டின்னு வையுங்க” என்றாள்.

பிரேமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வலது கையை விரித்து நீட்டினேன். அனுசுயா குள்ளம்; இன்னும் கொஞ்சம் தாழ்த்தினேன். எல்லாம் பத்து ரூபாய் நோட்டு. விரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி வைத்தாள். எனக்குக் கை வலித்தது. அவள் அவசரப்படவில்லை.

“அறுநூத்தி எண்பது” என்று நிறுத்தினாள். கொண்டுவந்தது அவ்வளவுதான், பழைய விலைக்கு. இடுப்பிலிருந்த சுருக்குப் பையை எடுத்துத் துழாவி, பத்து ரூபாய் நாணயம் ஒன்றை நோட்டுக் கத்தையின் மேல், என் உள்ளங்கை நடுவில் வைத்து அழுத்தினாள்.

“தொண்ணூறு.”