மாசிலாமணி அண்ணனின் குழாயில் நான் போட்ட சர்க்கரை

சின்னசேலம் பேருந்து நிறுத்தத்தில் பாதி கடித்த வடையோடு நின்றபோது போனில் செய்தி வந்தது. "மாமா, அப்பா பூட்டாரு," என்றாள் மாசிலாமணி அண்ணனின் மகள். மீதி வடையை என்ன செய்தேன் என்று இன்றுவரை நினைவில்லை.

கரும்பு ஆலை ஆய்வுக்கூடத்தில் எங்களோடு இருந்தவர்களுக்கு அவரைத் தெரியும். தளவிளைவு அடைந்த, அதாவது ஒரே தளத்தில் அதிரும், ஒளியைக் கரும்புச் சாற்றுக்குள் அனுப்பி, சாற்றிலுள்ள சர்க்கரை அந்தத் தளத்தை எவ்வளவு திருப்புகிறது என்று பார்த்துச் சர்க்கரையின் அளவைச் சொல்வது எங்கள் வேலை. கல்வராயன் மலையையே பிழிந்து வைத்தாலும் அண்ணன் ஒரே பார்வையில் அளவு சொல்லிவிடுவார்.

அவருடைய ஆசையோ வேறு. தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு பொடிக் காந்தம். அவற்றை ஒரே பக்கம் பார்க்க வைத்தால், ஊடே போகும் ஒளியை அவையும் இம்மியளவு திருப்பும். பெரிய ஆய்வகங்களில் பார்த்துவிட்டார்கள். "சாவறதுக்குள்ள நானும் ஒருவாட்டி பாத்துடணும்யா," என்பார். ஓய்வுபெற்ற பிறகு, வீட்டுப் பின்னறையில் காந்தமும் கம்பிச்சுருளும் லேசருமாக மூன்று யுகம் தவம் கிடந்தார்.

அவர் முகம் வாடுவது பொறுக்காமல், ஒருநாள் அவர் ஒளி பாய்ச்சும் கண்ணாடிக் குழாயின் தண்ணீரில், அவருக்குத் தெரியாமல் ஒரு சிட்டிகை சர்க்கரையைக் கலந்துவிட்டேன்.

"திரும்புதுய்யா! வெளிச்சம் திரும்புது!"

அந்தக் கத்தல் ரிஷிவந்தியம் கோயில்வரை கேட்டிருக்கும். மகளைப் பாயசம் வைக்கச் சொன்னார்.

பாயசம் கொதிப்பதற்குள் அணுக்கருக்களை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டார். அவற்றின் வேலை என்றால் ஒளியும் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அது அசையவே இல்லை. குழாயைத் திறந்து நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார்.

"இன்னாய்யா பண்ணிவெச்ச?"

"நீங்க ஒருவாட்டி சந்தோஷப்படணும்னுதாண்ணே..."

"காலமெல்லாம் சக்கரைய பாத்துக்கினு இருந்தவன்கிட்டயே சக்கரைய காட்டறியா? தெரியலன்னா தெரியலன்னே இருக்கட்டும்யா. பொய்யா மட்டும் தெரிய வேணாம்."

பாயசத்தை வீணாக்கவில்லை. எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார்.

வெறும் தண்ணீர் ஒளியைத் திருப்புவதைக் கடைசிவரை அவர் பார்க்கவில்லை.

காரியத்தன்று மகள் அந்தக் கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து தந்தாள். அவர் கடைசியாக நிரப்பிய தண்ணீர் உள்ளே அப்படியே இருந்தது. "உங்ககிட்ட குடுக்க சொன்னாரு மாமா. சக்கர டப்பா பக்கத்துல மட்டும் வெக்கக்கூடாதுன்னாரு."

சன்னலோரம் வைத்திருக்கிறேன், அண்ணே. ஒரு குருணைகூடப் போடவில்லை. போட்டால் நீங்கள் எழுந்துவந்து திட்டுவீர்கள் என்று யாராவது உறுதி சொல்லட்டும், ஆலைக் கிடங்கு மொத்தத்தையும் கொண்டுவந்து கொட்டுகிறேன்.