மும்ப்ரா தொப்பைப் பாறையில் நாலாவது தடவை

நம் வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகையில் யாத்திரை எழுதுகிறவர்கள் காசி, பண்டரிபுரம் என்று எழுதுகிறார்கள். நான் போய்வந்தது மாட்டுங்காவிலிருந்து பதினெட்டரை மைல். மைல் கல்லையெல்லாம் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கல் நடுகிற காலம் இது, ஆகையால் முப்பது கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொள்ளலாம். பொங்கலும் பெருநாளும் அடுத்தடுத்து வந்து போன மறு ஞாயிற்றுக்கிழமை போனேன். எனக்கு வயது ஐம்பத்துநாலு. போன காரியம் அறுபது அடிப் பாறை ஒன்றில் ஏறுவது. சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம்.

நாலு வருஷத்துக்கு முன் பள்ளிக்கூடப் பெண்களை மும்ப்ரா மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோயிலுக்குக் கீழே ஒரு கரும்பாறையில் மராத்திக்காரர்கள் சிலர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். நான் வேடிக்கை பார்க்கவில்லை, பொறாமைப்பட்டேன். அவர்களில் பாங்கியில் வேலை பார்க்கும் ஒருவரிடம் எனக்கும் சொல்லிக் கொடுப்பீர்களா என்று கேட்டேவிட்டேன். அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார், ஒன்பது கஜத்தைப் பார்த்தார், சரி என்றார். அடுத்த ஜனவரியிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை அந்தப் பாறையோடு எனக்கு மல்லுக்கட்டு.

பாறையில் முதல் நாற்பது அடி வெடிப்பும் படியுமாகப் போகும். அதற்குமேல் சாப்பிட்டுவிட்டுப் படுத்த ஆள் மாதிரி ஒரு வீக்கம் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். நாங்கள் அதற்கு வைத்த பெயர் தொப்பை. மூன்று வருஷமும் தொப்பைவரை போய், கை நடுங்கி, கண் இருட்டி, கயிற்றில் தொங்கி இறங்கியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா, எதையும் நோட்டில் குறிக்காவிட்டால் தூக்கம் வராது. அவர் நோட்டுப்படி முதல் வருஷம் அந்த நாற்பது அடிக்கு நாற்பத்தோரு நிமிஷம், அடுத்த வருஷம் முப்பத்திரண்டு, போன வருஷம் இருபத்தாறு. வயது ஏற ஏற நேரம் குறைகிறது, பாருங்கள். ஆனால் தொப்பை மட்டும் மசியவில்லை.

அதற்குள் விக்ரோலியில் இருக்கிற என் பெண் வசந்தா காலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டாள். "விழுந்து இடுப்பொடிஞ்சா யார் பாக்கறது? இந்தத் தடவை ஏறலேன்னா விட்டுடணும், சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணிக் கொடுத்தேன். ஏறவில்லை என்றால் திரும்பும்போது விக்ரோலியில் இறங்கிக் கயிற்றை அவளிடம் ஒப்படைக்க வேண்டும், அவள் அதைத் துணி உலர்த்தும் கொடியாகக் கட்டிக்கொள்வாள். ஏறிவிட்டால் இறங்காமல் நேரே மாட்டுங்கா. கழுதை, சுவரில் கொக்கியே அடித்து வைத்துவிட்டாள்! அந்தக் கொக்கியைப் பார்த்ததிலிருந்து எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது.

ஆகவே இந்த வருஷம் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை சாயந்தரங்களில் தாராவியில் இருக்கும் பழைய கருங்கல் கோட்டைச் சுவருக்கு நடந்து போவேன். தரையிலிருந்து இரண்டடி உயரத்திலேயே கல்லிடுக்கில் காலை வைத்து, சுவரோடு பக்கவாட்டில் பல்லி மாதிரி நகர வேண்டும். விழுந்தாலும் மண்தான். என் வயதில் கைக்குப் புதிதாகப் பலம் வராது, ஆனால் காலுக்குப் புத்தி வரும். அதை அந்தச் சுவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. ஒரு நாள் பயிற்சி என்றால் இரண்டு நாள் ஓய்வு. முழங்காலுக்கு நல்லெண்ணெய்.

கோட்டைப் பக்கம்தான் மைதீன் பாயின் தோல் பட்டறை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது சின்னவர். கான்வாஸ் செருப்புக்கு அடியில் கார் டயர் ரப்பரை வைத்துத் தைத்து எனக்கு ஒரு ஜோடி செய்து கொடுத்தார். அது எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்கிறேன் பேர்வழி என்று முதல் வருஷம் கூட வந்தவர்தான், பிறகு விடவேயில்லை. சுற்றுவழியாகப் பாறையின் உச்சிக்குப் போய், மரத்தில் கயிற்றைக் கட்டி, தன் இடுப்பிலும் சுற்றிப் பிடித்துக்கொள்வார். நான் கை விட்டாலும் ஒரு சாண்கூட கீழே போனதில்லை. நோன்பு மாதத்தில் மட்டும் மலைக்கு வரமாட்டார். அதனால்தான் இந்தத் தடவை பெருநாள் கழியட்டும் என்று காத்திருந்தோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 5.58 கல்யாண் வண்டி. மூன்றாம் வகுப்பு, போக வர ஆளுக்கு ஒரு ரூபாய் பத்து பைசா. சயானில் பாய் ஏறிக்கொண்டார். தாணா வந்ததும் என் வீட்டுக்காரர் இட்லி டப்பாவைத் திறந்தார். நான் வழக்கம்போல, "நீங்க சாப்பிடுங்கோ, எனக்கு ஆச்சு" என்றேன். 6.49-க்கு மும்ப்ரா. ஸ்டேஷன் வாசல் டீக்கடைக்காரனுக்கு என்னைத் தெரியும். "ஆஜி, ஃபிர் ஆயீ?" என்று கேட்டான். பாட்டி, மறுபடியும் வந்தாயா என்று அர்த்தம். டீ பத்து பைசா. இஞ்சி தட்டிப் போட்டது, தொண்டைக்கு இதம்.

புனா ரோட்டைத் தாண்டி ஒற்றையடிப் பாதையில் முக்கால் மணி நேரம் நடந்தால் பாறை. அதற்கும் மேலே அரை மணி நடந்தால் தேவி கோயில். எட்டு மணிக்குப் பாறையடியில் இருந்தோம். கீழே உல்லாஸ் கழி பளபளவென்று கிடந்தது, தண்டவாளத்தில் வண்டி போவது தீப்பெட்டி நகர்வது போல இருந்தது. பாறை தென்மேற்கே பார்த்தது, பத்தரை வரைக்கும் நிழல். வெயில் ஏறிவிட்டால் கை வைக்க முடியாது.

8.25-க்கு ஏறினேன். சும்மா சொல்லக்கூடாது, கால் தானாகப் போய்ப் போய் இடம் பிடித்தது. தொப்பையைத் தொட்டபோது இவர் கீழேயிருந்து, "பதினேழு நிமிஷம்டீ!" என்று கத்தினார். நானும் ஜெயித்தாயிற்று என்றே நினைத்தேன். வலது காலைத் தூக்கி வைத்து, உடம்பை மேலே தள்ள வேண்டியதுதான் பாக்கி. அப்போது வந்தது அந்த நடுக்கம். முழங்கையில் ஆரம்பித்து விரல் நுனிவரை. கண்ணுக்கு முன்னால் கறுப்புக் கறுப்பாகப் பூச்சி பறந்தது. தொங்கினேன். இறக்கிவிட்டார் பாய்.

கீழே வந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன். ஆயிற்று, கிழவியாகிவிட்டேன், மனசு ஏறுகிறது, உடம்பு வரமாட்டேன் என்கிறது என்று சொல்லிச் சொல்லி அழுதேன். இவர் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். வசந்தாவின் கொக்கிக்கு.

பாய் இறங்கி வந்தார். அவர் பங்கு இட்லியை எடுக்க டப்பாவைத் திறந்தவர், உள்ளே தனியாக இருந்த வாழையிலைப் பொட்டலத்தைப் பார்த்தார்.

"இது யாருக்கு டீச்சரம்மா?"

"எனக்கு. தரிசனம் ஆனப்புறம் சாப்பிடுவேன்."

"காலைல வீட்ல என்ன சாப்பிட்டிய?"

"காபி."

"காபி கெடக்கட்டும். சாப்பாடு?"

மாட்டிக்கொண்டேன். கோயிலுக்குப் போகிற நாளில் அம்பாளைப் பார்க்காமல் வாயில் ஒன்றும் போடுவதில்லை என்பது என் பிறந்த வீட்டு வழக்கம். முதல் தடவை பாறையைப் பார்த்துப் பயந்துபோய், தாயே, உன்னைச் சேவிக்காமல் பச்சைத் தண்ணீர் தவிர வேறு தொடமாட்டேன், ஏற்றிவிடு என்று வேண்டிக்கொண்டிருந்தேன். காபியும் டீயும் சாப்பாட்டில் சேர்த்தி இல்லை என்று தீர்ப்புச் சொன்னவளும் நான்தான். இவரிடம் சொன்னால் சண்டை போடுவார் என்று வீட்டிலேயே சாப்பிட்டாகிவிட்டது என்று புளுகுவேன். முந்தின ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டதுதான். அதோடு பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பாறை.

இவருக்கு வந்ததே கோபம்! "மூணு வருஷமாவா? ஏண்டி, கணக்கு டீச்சர்னு பேர் வேற!"

பாய் சிரிக்கவில்லை. என் எதிரே குந்தி உட்கார்ந்தார். "டீச்சரம்மா, நான் ஏன் நோன்புல மலைக்கு வாரதில்ல?"

"பட்டினியோட கயிறு பிடிக்கக் கூடாதுன்னு."

"கயிறு புடிக்கிறவனுக்கே அப்படின்னா, ஏறுதவியளுக்கு? நோன்பு வேற, மலை வேற. ரெண்டையும் ஒரே நாள்ல வச்சா ரெண்டும் கெட்டுப்போவும். ஒங்களுக்கு வயசாவல, பசிக்கி. அவ்வளவுதான்."

அவருக்காக ஒரு மாதம் பயணத்தைத் தள்ளிப் போட்டவளே நான்தானே! அவர் பட்டினி கண்ணில் பட்டது, என் பட்டினி படவில்லை.

இவர் ஒரு வழி சொன்னார். "கோயிலுக்குப் போய்ச் சேவிச்சுட்டு வந்து சாப்பிட்டு ஏறேன்." நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். மணி ஒன்பதே கால். போக அரை மணி, வர அரை மணி, சாப்பிட்டது இறங்க அரை மணி. அதற்குள் பாறை தோசைக்கல் ஆகிவிடும். ஒன்று வேண்டுதல், இல்லாவிட்டால் பாறை. கோயில் இருக்கும் திக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நிஜமாகவே பயமாகத்தான் இருந்தது.

பாய் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தார். பெருநாளுக்கு வாங்கியதில் மிஞ்சின பேரீச்சம்பழம். "நாங்க இதைத் தின்னுதான் நோன்பு தொறக்கிறது. மொதல்ல இதைத் தின்னுங்க, பொறவு இட்லி" என்று நீட்டினார். தாயே, நீ பார்த்துக்கோ என்று சொல்லிக்கொண்டு வாயில் போட்டேன். அந்த இனிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. பிறகு மிளகாய்ப்பொடி தடவின இட்லி நாலு. அரை மணி நேரம் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"ஒரு தடவைன்னுதானே வசந்தாவுக்கு வாக்கு?" என்று இவர் இழுத்தார்.

"இந்தத் தடவைன்னேன். இன்னிக்கு இன்னும் முடியலை. கயித்தைப் பிரிங்கோ" என்றேன்.

9.55-க்கு மறுபடி. தொப்பைக்குப் பதினாலு நிமிஷத்தில் வந்தேன். வலது காலைத் தூக்கி வைத்தேன். நடுக்கம் வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கை இரும்பு மாதிரி இருந்தது என்றெல்லாம் அளக்கமாட்டேன், கை கையாக இருந்தது. டயர் ரப்பர் பாறையைக் கவ்விக்கொண்டது. மூக்கு உரச உரச மேலே தள்ளிக்கொண்டு போனேன். பிடிக்க ஒரு விளிம்பு கிடைத்தது, அதற்குப் பிறகு புல் கிடைத்தது, அதற்குப் பிறகு மைதீன் பாயின் டயர்ச் செருப்பு தெரிந்தது. "வாங்க டீச்சரம்மா, வாங்க!" என்றார், வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி. 10.19. கீழே இவர் நோட்டை ஆட்டிக்கொண்டு குதித்தார். முப்பத்துநாலு வருஷக் குடித்தனத்தில் அவர் குதித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் கோயிலுக்குப் போனோம். "சாப்பிட்டுட்டுத்தான் வந்திருக்கேன், மன்னிச்சுடு" என்று வாய்விட்டே சொன்னேன். பூஜை செய்யும் மராத்தி அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு தேங்காய்ச் சில்லைக் கையில் வைத்து, சாப்பிடு என்று ஜாடை காட்டினாள். சாப்பிட்டேன்.

போக நினைக்கிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சரியான காலம், மழையில் பக்கமே போகாதீர்கள். ஆளுக்கு இரண்டு சீசா தண்ணீர், மலையில் கிடைக்காது. நூறடி மணிலாக் கயிறு பதினெட்டு ரூபாய் ஆயிற்று, வருஷா வருஷம் பிரித்துப் பார்த்து நைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். கயிறு பிடிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் ஓர் அடிகூட ஏறாதீர்கள். ஐம்பது தாண்டியவர்கள் கையால் இழுக்காமல் காலால் ஏறுங்கள், இறங்கும்போது முழங்காலுக்கு அவகாசம் கொடுங்கள். முடியவில்லை என்றால் வயதின்மேல் பழி போடுவதற்கு முன் மற்றதையெல்லாம் ஒருமுறை சரிபாருங்கள். வேண்டுதல் இருந்தால் முதல் நாளே போய் முடித்துவிட்டு வாருங்கள்.

திரும்ப 12.38 வண்டி, வசந்தாவிடம் முன்பே சொல்லிவைத்தது. விக்ரோலியில் 1.06-க்கு நின்றது. வசந்தா நடைமேடையில் நின்றுகொண்டிருந்தாள். கயிற்றைப் போட்டுக்கொண்டு போக ஒரு பையோடு வந்திருந்தாள். நான் ஜன்னலோரம். கயிற்றை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறங்காமல் அவளையே பார்த்தேன். அவள் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் கதவைப் பார்த்தாள். இவர் எழுந்திருக்கவில்லை, பாய் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கையை வாயில் வைத்துக்கொண்டாள். கோபித்துக்கொள்வாளோ என்று நான் பயந்துகொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்தது. பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு என் ஜன்னலோடு ஓடிவந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். ஆயிரம் கேட்டிருக்கலாம். எப்போதும் கேட்கிறதைத்தான் கேட்டாள்.

"அம்மா, சாப்டியோ?"

"சாப்பிட்டுட்டுத்தான்டீ ஏறினேன்!" என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.