ஓதிய தண்ணீரும் ஒரு மணி பிளான்ட் தண்டும்

பெயர் ஜெஸீமா. பிறந்தது 1963 மார்ச்சில், இரத்தோட்டையில். இருப்பிடம் அலுவிகாரை. கணவர் முத்தலிப், மாத்தளை நகரின் இரும்புக் கடையொன்றில் விற்பனையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு மகன், மருமகள் நஸ்மியா, சின்னஞ்சிறு பேத்தி ஒருத்தி. ஜெஸீமா முப்பத்தொரு வருடம் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்தார். எனக்குச் சாச்சி, அதாவது சின்னம்மா முறை. குடும்பக் குறிப்பேட்டில் இவை யாவும் முன்னரே பதிவானவை. பதிவாகாதது ஒன்றுண்டு: தம் ராத்தா, அதாவது மூத்த சகோதரி, உம்மு குல்தூமுடன் அவர் ஒன்பது வருடம் பேசவில்லை.

காரணம் பெரிதன்று. மூத்தவர் தம் மகனின் கல்யாணத்தை நேரில் வந்து சொல்லாமல் தொலைபேசியில் சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் தொலைபேசியில் சொன்னால் சொல்லவில்லை என்றே பொருள். ஜெஸீமா கல்யாணத்துக்குப் போகவில்லை. போகாததை மூத்தவரும் மறக்கவில்லை.

ஒன்பதாம் வருடம், உறவினர் ஒருவர் இறந்துபோன மையித்து வீட்டில் இருவரும் ஒரே பாயில் உட்கார நேர்ந்தது. “கொஞ்சம் அங்கால தள்ளி இரி” என்றார் மூத்தவர். ஒன்பது வருட மௌனம் அவ்வளவில் கலைந்தது. அடுத்த வாரமே ஜெஸீமா இரத்தோட்டைக்குப் போய்ச் சகோதரி வீட்டில் பகல் சாப்பிட்டார். புறப்படும்போது உம்மு குல்தூம் ஜன்னலோரம் படர்ந்திருந்த மணி பிளான்ட்டில் ஒரு முழம் ஒடித்து, ஈரக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தார்.

“இது லேசில சாகாத செடி. இதையும் சாகடிச்சியெண்டா ஒனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல. ஹஜ் பெருநாள் முடிய வந்து பாப்பேன்.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஜெஸீமா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

தண்டைத் தொட்டியில் நட்டு, முன்கூடத்து மூலையில், யாருடைய காலும் படாத இடத்தில் வைத்தார். பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர். ஊற்றிய நாளைக் கலண்டரில் பென்சிலால் குறித்தார். முதல் மாதம் புதிய இலைகூட விட்டது. இரண்டாம் மாதம் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின. தண்ணீர் ஊற்றிப் பன்னிரண்டு நாளாகியும் மண் சேறாகவே கிடந்தது. கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தார். ஓடுகள் சரியாகவே இருந்தன.

பெருநாளுக்கு இன்னும் ஐந்து வாரம். செடியைப் பிடுங்கிப் பார்த்தார். வேர்கள் பழுப்பேறி, விரலில் வழுக்கிக்கொண்டு வந்தன. ஊறிய தேங்காய் மட்டையின் நாற்றம்.

நஸ்மியா ஒரு வழி சொன்னாள்: “டவுன்ல இதே செடி விக்கிறாங்க மாமி. ஒண்ண வாங்கி வெச்சா யாருக்குத் தெரியப்போகுது?”

“ராத்தாக்குத் தெரியும்” என்றார் ஜெஸீமா. “அவ கண்ணுக்குத் தப்பி ஒரு தையல் போட ஏலாது.”

தையல் கத்தரியால் கடதாசி வெட்டவும் விடாதவர், அன்று அதை டெட்டோலில் துடைத்துத் தண்டை வெட்டினார். வெட்டுவாயில் பழுப்புத் தெரிய, இன்னும் மேலே வெட்டினார். பழுப்பே இல்லாத பச்சை தெரிந்தபோது மிஞ்சியது ஒரு சாண் தண்டு, இரண்டு கணு, இரண்டு இலை. அதை நிழலில் அரை நாள் உலரவிட்டு, கொதித்தாறிய தண்ணீரில், ஒரு ஜாம் போத்தலில், கணுக்கள் மட்டும் நனையும்படி அதே மூலையில் நிறுத்தினார்.

மறுநாள் அந்தி மஃரிப் தொழுகை முடிந்ததும் முத்தலிப் கையில் கிளாஸுடன் கூடத்துக்கு வந்தார். மூட்டுவலிக்காகத் தினமும் குர்ஆன் வசனம் ஓதி ஊதிக் குடிக்கும் தண்ணீரில் பாதி மிஞ்சியிருந்தது. அதை நிதானமாகப் போத்தலில் ஊற்றினார். போத்தல் வழிந்தது.

“என்னா செய்றீங்க?”

“ஓதின தண்ணி, பரக்கத்து உள்ளது. கால் படுற எடத்துல கொட்டலாமா? அழுக்குத் தண்ணி போற பீலிலயா ஊத்தச் சொல்ற? நான் எப்பவும் இந்த மூலைச் செடிக்குத்தானே ஊத்துறேன்.”

“எப்பவுமா?”

“ஒவ்வொரு நாளும்தான்.”

அறைக்குள்ளிருந்து நஸ்மியாவின் குரல் தயங்கி வந்தது. “மாமி, புள்ள பயந்து அழுதா ஓதிக் குடுக்கிற தண்ணி... மிச்சத்த நானும் அங்கதான்...”

ஜெஸீமா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். “யா அல்லாஹ்! ஒரு சின்னச் செடி எத்தின பேர்ட பரக்கத்தத்தான் தாங்கும்!”

அன்றிரவே போத்தல் அவருடைய தையல் மேசைக்கு இடம் மாறியது. தண்ணீரை இரண்டு நாளைக்கொருமுறை அவரே மாற்றினார். பத்தொன்பதாம் நாள் கீழ்க்கணுவில் அரிசி முனையளவு வெள்ளையாக வேர் தெரிந்தது. பெருநாள் வந்தபோது மூன்று வேர். இலை மட்டும் அதே இரண்டு.

பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை உம்மு குல்தூம் வந்தார். பெருநாள் இனிப்பான தொதல் தட்டைத் தொடாமல் நேரே கேட்டார்: “எங்க நான் தந்தது?”

ஜெஸீமா போத்தலைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

“நான் ஒரு முழமில்ல தந்தேன்?”

“அழுகிப்போச்சு ராத்தா. வெட்டிக் காப்பாத்தினது இதுதான்.” ஓதிய தண்ணீர் விஷயத்தையும் ஒளிக்காமல் சொன்னார். முத்தலிப் பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

உம்மு குல்தூம் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் வேரைப் பார்த்தார். பிறகு, முக்காடு நழுவும்வரை சிரித்தார். “அட மச்சான், இதுக்குத்தான் எங்கட முத்தத்துல கறிவேப்பில மரம் நிக்கிது. மூணு தலமொறட ஓதின தண்ணியும் அதுக்குத்தான்! ஒங்க ஊட்டுல ஒரு மரம் இல்லாட்டி செடி என்ன செய்யும்? வார வெள்ளிக்கிழம ஒரு கண்டு கொண்டாறேன்.”

சொன்னபடி கறிவேப்பிலைக் கன்றைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். அதற்கடுத்த வெள்ளி, கன்று பிடித்ததா என்று பார்க்க வந்தார். அதற்கடுத்த வெள்ளி வருவதற்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை.

உம்மு குல்தூம் வெள்ளிக்கிழமைகளில் அலுவிகாரைக்கு வரத் தொடங்கி, இதை எழுதும் நாளுடன் இரண்டு வருடம், நான்கு மாதம்.